அரங்கன் முகம் திருப்பவில்லை



செஞ்சியில் எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர், சென்ற தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது எங்கள் இல்லத்துக்கு வந்தார். எழுபது வயதைத் தொட்டவர். புரட்டாசியில் கணவரை இழந்தவர். என் மனைவியை "அண்ணி" என்றும் என்னை "அண்ணா" என்றும் அழைப்பவர். அன்று அவர் கூறியதை அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். "என் பெயரை மட்டும் எழுதாதீர்கள். என்னைப் போல் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும்" என்றார்.

வந்தவர் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவாறே சொன்னார்: "அண்ணா, இது என் கைதான். எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கை விளக்கேற்றும்போது யாரோ ஒருத்தி ஏற்றுவது போலவும், நான் எட்டத்தில் நின்று பார்ப்பது போலவும் இருக்கிறது. வீடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல் தெரிகிறது. பேரன் வந்து கட்டிக்கொண்டான். அன்பு வரவில்லை. அவர் படத்தைப் பார்க்கிறேன். அழுகையும் வரவில்லை."

கணவர் மறைந்த முதல் இரண்டு மாதங்கள் இதற்கு நேர்மாறாக இருந்தன. எதைத் தொட்டாலும் அழுகை. பால்காரர் அழைத்தால் நடுக்கம். வங்கியிலிருந்து ஒரு தாள் வந்தால் நெஞ்சு படபடக்கும். இரவில் இரண்டு மணி நேரம்கூட உறங்கியதில்லை. பிள்ளைகள் சென்னைக்குத் திரும்பிய பின், கார்த்திகையில் ஒரு நாள் அந்த வெள்ளம் சட்டென்று வற்றிவிட்டது. வற்றிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியன்று சிங்கவரம் சென்றிருக்கிறார். செஞ்சிக்கு வடக்கே குன்றின்மேல் பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துக் கோயில் அது. அங்கே அரங்கநாதர் நெடிய திருமேனியாகப் பள்ளிகொண்டிருக்கிறார். அந்தப் பெருமாளைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு வழக்கு உண்டு. தேசிங்குராஜன் போருக்குப் புறப்படுமுன் அரங்கனிடம் விடைபெற வந்தான் என்றும், அவன் போவதில் இசைவில்லாத பெருமான் தம் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் பெரியவர்கள் சொல்வர். 1714-ஆம் ஆண்டில் தேசிங்கு போர்க்களத்தில் மாண்டான் என்பது வரலாறு.

"ஐம்பது ஆண்டுகளாக அந்தச் சந்நிதியில் கண்ணீர் விடாமல் நின்றதில்லை. அன்றைக்குக் கல்லைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றேன். தேசிங்குக்குத் திருப்பியது போல எனக்கும் முகத்தைத் திருப்பிவிட்டார், அண்ணா. அன்றிலிருந்து வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். மனம் இல்லாமல் ஏற்றுவது பொய் அல்லவா?" என்றார்.

உறவினரும் அண்டை வீட்டாரும் தத்தமக்குத் தோன்றியதைக் கூறியிருந்தனர். "இது வைராக்கியம். உங்களுக்கு ஞானம் வந்துவிட்டது. இதை விட்டுவிடாதீர்கள்" என்று கொழுந்தனார் போற்றியிருக்கிறார். "செய்வினையாக இருக்கும். அமாவாசைக்கு மலையனூர் அழைத்துப் போக வேண்டும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் அஞ்சியிருக்கிறார். ஒருவர் சொல் அவரைத் துறவியாக்கிற்று. மற்றவர் சொல் பிடிபட்டவராக்கிற்று. ஆனால் அவருக்கு வந்திருந்தது இவ்விரண்டும் அன்று.

மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் உண்டு. 1898-ஆம் ஆண்டில் லுடோவிக் துகா என்னும் பிரெஞ்சு அறிஞர், மனிதர் தமக்குத் தாமே அந்நியராகிப்போவது போன்ற இந்த உணர்வைப் பற்றி எழுதித் தனிப் பெயரிட்டார். தமிழில் இதனை 'தன்னிலிருந்து தான் விலகும் உணர்வு' எனலாம். பெருந்துயரம், கடும் அச்சம், நெடுநாள் உறக்கமின்மை, அளவு கடந்த களைப்பு ஆகியவற்றின்போது சில நிமிடங்களோ சில நாட்களோ இவ்வுணர்வு தோன்றி மறைவது மக்களிடையே அரிதன்று. நீங்காமல் நிலைத்துவிடும்போதுதான் அது நோயாகக் கருதப்படுகிறது.

இதில் 'போல' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். "யாரோ ஏற்றுவது போல", "கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல" என்றே அம்மையார் கூறினார். கை தம்முடையதே என்பதும் வீடு உண்மையே என்பதும் அவருக்குத் தெரியும். அறிவு கலங்கவில்லை, உணர்வு மட்டும் ஒட்டவில்லை. ஆகவே இது புத்தி பேதலித்தல் ஆகாது. "எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ" என்று அஞ்சுவோர் முதலில் இதனை அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

அன்றைக்கு நான் அவருக்கு ராஜகிரியைக் காட்டினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஏறத்தாழ 800 அடி உயரம். அடிவாரத்திலிருந்து மதில் மேல் மதிலாக, வாயில் மேல் வாயிலாக ஏறிப்போனால், உச்சிக்கோட்டையை அடையுமுன் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேல் இட்டிருந்த மரப்பாலமே உள்ளே செல்லும் வழி. பகைவர் நெருங்கினால் அந்தப் பாலத்தை எடுத்துவிடலாம். 1690-ஆம் ஆண்டில் தொடங்கி 1698-இல் முடிந்த முகலாயர் முற்றுகையை இந்தக் கோட்டை அத்தனை ஆண்டுகள் தாங்கியதற்கு இத்தகைய காவல்களும் காரணம்.

மனமும் இவ்வாறே செய்கிறது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். தாங்க முடியாத அளவுக்குத் துயரும் அச்சமும் சூழ்ந்து தாக்கும்போது, அது உணர்ச்சிகளின் வேகத்தைத் தணித்துக்கொண்டு உள்ளே ஒதுங்குகிறது. முற்றுகைக்கு அஞ்சிப் பாலத்தை எடுத்துவிடுகிறது. துன்பம் உள்ளே வரவில்லை. ஆனால் அதே வழியாக வர வேண்டிய அன்பும் பக்தியும் கண்ணீரும்கூட வர முடியவில்லை. பேரன் அக்கரையில் நிற்கிறான். பெருமாளும் அக்கரையில் நிற்பது போல் தோன்றுகிறது. "அம்மா, அரங்கன் முகத்தைத் திருப்பவில்லை. உங்கள் மனம் உங்களைக் காப்பதற்காகப் பாலத்தை எடுத்துவிட்டது. முற்றுகை தணிந்தபின் அதைத் திரும்ப இட வேண்டும். அவ்வளவே" என்றேன். அந்த உச்சியிலும் அரங்கநாதர் சந்நிதி ஒன்று உண்டென்பதை நினைவூட்டினேன். பாலம் எடுக்கப்பட்ட நாளிலும் அவர் உள்ளேதான் இருந்தார்.

கொழுந்தனார் சொன்ன ஞானத்தைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் திருவண்ணாமலை இருப்பதால், எங்கள் பகுதியில் பலருக்கு ரமண மகரிஷியின் வரலாறு மனப்பாடம். 1896-ஆம் ஆண்டு ஜூலையில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் தனித்திருந்த பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் திடீரென்று பற்றியது. உடலில் நோய் ஏதும் இல்லை. அவர் பிணம் போல் படுத்து, சாவது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். உடல் வேறு, நான் வேறு என்று தெளிந்தார். அச்சம் அன்றோடு அகன்றது. இதைப் படித்தவர்கள், "நான் என் உடலில் இல்லாதது போல் இருக்கிறது" என்று எவர் கூறினாலும் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர்.

ஆனால் அதன்பின் நடந்ததையும் அவர் வரலாறு கூறுகிறது. அந்த இளைஞர் நாள்தோறும் மாலையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்றார். சொக்கநாதர், அம்மை, நடராஜர், அறுபத்துமூவர் திருமேனிகளின் முன் நின்று கண்ணீர் பெருக்கினார். தெளிவு வந்தபோது அவருக்கு அச்சம் அழிந்தது, அன்பு பெருகிற்று. நம் அம்மையாருக்கோ அன்பு வற்றியது. அச்சம் மட்டும் நின்றது. இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய மக்களாகிய நமக்கு இந்த ஒரு குறிப்புப் போதும். உறவினரின் வெறுமையை ஞானம் என்று புகழ்ந்து அவரை அதிலேயே விட்டுவிடுவது, தாகத்தில் வாடுபவரை விரதம் இருக்கிறார் என்று வணங்கிவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். அந்த மகானையும்கூட, திருவண்ணாமலைப் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்து உடல் புண்ணானபோது பிறரே தூக்கி வெளியே கொணர்ந்தனர், பிறரே உணவூட்டினர். அவ்வுயர்ந்த நிலையில் இருந்தவருக்கே துணை வேண்டியிருந்தது.

துணை தேடுவது பக்திக் குறைவாகாது என்பதற்குக் கீதையின் முதல் அத்தியாயமே சான்று. அர்ச்சுனன் வில்லெடுத்த வீரன். அவனுக்கே கைகால் தளர்ந்தது, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, மனம் சுழன்றது, வில் நழுவிற்று. அவன் செய்தது என்ன? தன் உடலில் நிகழ்வதை ஒன்றுவிடாமல் அருகில் இருந்தவனிடம் சொன்னான். பிறகு தேர்த்தட்டில் அமர்ந்தான். கண்ணனின் உபதேசம் அதன் பின்னரே வந்தது. உள்ளதை உள்ளபடி ஒருவரிடம் சொல்வதே முதல் மருந்து.

மறுநாள் என் மனைவி அம்மையாரைச் செஞ்சியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இது முக்கியமான செய்தி. இவ்வுணர்வு நோயாக நிலைப்பது பெரும்பாலும் இளம்பருவத்தில் தொடங்குவதே வழக்கம். நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோன்றுவது குறைவு. ஆகவே முதியோருக்குப் புதிதாக வந்தால் வேறு காரணம் உண்டா என்று பார்த்தேயாக வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை குறைதல், தைராய்டுக் குறைபாடு, சில வகை வலிப்பு, ஒற்றைத் தலைவலி, புதிதாக உட்கொள்ளும் மாத்திரை, மனச்சோர்வு நோய் ஆகியவையும் இப்படிப்பட்ட உணர்வைத் தரக்கூடும். அம்மையாரிடம் விசாரித்தபோது, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு இரவு உணவைக் கைவிட்டு வந்தது தெரிந்தது. ஏகாதசி உபவாசம் வேறு. மருத்துவர் அதைக் கண்டித்து, உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்தி, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அவர் உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை தொடங்கி, வாரம் ஒருமுறை பேசவும் வரச் செய்தார். இந்த விலகல் உணர்வுக்கென்று தனி மாத்திரை கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் துயரையும் அச்சத்தையும் உறக்கமின்மையையும் குணப்படுத்தினால் அது தளரும் என்று விளக்கினார்.

மலையனூருக்கும் சென்று வந்தார்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைக் கண்டால் நெஞ்சுக்குத் திடம் வரும் என்றால் யார் வேண்டாம் என்பார்? மருந்தை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது என்பதே நாங்கள் சொன்னது. அம்மனுக்கும் மருத்துவருக்கும் பகை இல்லை.

இனி, வீட்டிலும் கோயிலிலும் செய்யத் தக்கவை. மனநல மருத்துவர் கூறியவற்றையும், எங்கள் வழிபாட்டு முறையில் ஏற்கெனவே இருப்பவற்றையும் சேர்த்து அம்மையார் கடைப்பிடித்தவற்றையே எழுதுகிறேன்.

முதலாவது, புலன்களைப் பற்றிக்கொள்ளல். மனம் விலகி நிற்கும்போது அதைச் சிந்தனையால் இழுக்க முடியாது. உடல் வழியாகவே அழைக்க வேண்டும். பிராகாரத்தில் வெறுங்காலுடன் மெல்ல நடந்து, குதிகால் கல்லில் படுவதையும் விரல்கள் ஊன்றுவதையும் கவனிக்கலாம். மணியோசை அடங்கும் வரை காது கொடுக்கலாம். கற்பூர ஆரத்தியின் வெம்மையை உள்ளங்கையில் வாங்கலாம். துளசி தீர்த்தத்தின் குளிர்ச்சியையும் சுவையையும் நாவில் சிறிது நிறுத்தலாம். கோயிலில் ஐம்புலனுக்கும் பணி வைத்த நம் முன்னோர் வீணாக வைக்கவில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயில் நேரத்தில் சூடான கல்தரையில் நடக்கலாகாது. காலை வேளையே ஏற்றது.

இரண்டாவது, வாய்விட்டுச் சொல்லல். இந்நிலையில் இருப்பவர்கள் கண்ணை மூடி நெடுநேரம் மௌனமாகத் தியானிப்பதும், 'நான் யார்' என்று உள்நோக்கி ஆராய்வதும் சிலருக்கு விலகலை மிகுவிக்கும். குணமாகும் வரை அவற்றை ஒதுக்கிவைத்து, திருநாமங்களைக் குரலெடுத்துச் சொல்வதும், நாலு பேரோடு சேர்ந்து பாராயணம் செய்வதும் நலம்.

மூன்றாவது, மூச்சு. படபடப்பு எழும்போது மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக வெளிவிட வேண்டும். மூச்சை அடக்கும் பயிற்சியோ வேகமாக இழுத்துவிடும் பயிற்சியோ அப்போது வேண்டாம்.

நான்காவது, சோதித்துப் பார்க்காமை. "இப்போது உணர்வு வந்துவிட்டதா? பேரனைப் பார்த்தேனே, அன்பு வந்ததா?" என்று நாளெல்லாம் தம்மையே தட்டிப் பார்த்தல் நோயை வளர்க்கும். விதையைத் தினமும் தோண்டிப் பார்த்தால் அது முளைக்குமா?

ஐந்தாவது, வெள்ளம் திரும்பும் நாளுக்கு அஞ்சாமை. பாலம் இடப்படும்போது முதலில் வருவது பெரும்பாலும் துயரமே. அடக்கி வைத்த அழுகை வரும். வரட்டும். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, முகம் கழுவி, வெந்நீரோ கஞ்சியோ அருந்தி, சிறிய வேலை ஒன்றில் கை வைத்தால் அந்த அலை தாழும். தொலைக்காட்சிச் செய்திகளின் இரைச்சலை அந்நாட்களில் குறைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். "எல்லாம் உன் மனப்பிரமை" என்றோ, "எங்களுக்கெல்லாம் துக்கம் இல்லையா" என்றோ கூறாதீர்கள். "அப்படி இருப்பது மிகவும் கடினம்தான். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று அமர்ந்தால் போதும். ஆனால் சிலவற்றில் காத்திருக்கலாகாது. பேச்சுத் திடீரெனக் குழறுதல், ஒரு பக்கம் கைகால் தளர்தல், ஆளையும் இடத்தையும் நாளையும் மறந்து குழம்புதல் ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'போல' என்பது போய், "நான் இறந்துவிட்டேன்", "இது என் வீடே அன்று" என்று உறுதியாகச் சொல்லத் தொடங்கினாலும், உயிரை விட்டுவிடும் எண்ணம் பேச்சில் தலைகாட்டினாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. எங்கள் மாவட்டத்தவர் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம்.

அம்மையார் இன்று எவ்வாறு இருக்கிறார் என்று கேட்பீர்கள். முற்றிலும் குணமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். சில காலைகளில் கண்ணாடி இன்னும் குறுக்கே நிற்கிறது என்கிறார். ஆனால் விளக்கை மீண்டும் ஏற்றுகிறார். "மனம் இல்லாமல் ஏற்றுவது பொய்" என்றாரே, அதற்கு என் மனைவி சொன்ன விடையே பலித்தது: "உனக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்தபோதும் அவருக்குச் சமைத்துப் போட்டாயே, அது பொய்யா? சுவை தெரியாமல் சமைத்ததும் அன்புதானே?"

சென்ற ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவரும் சிங்கவரம் சென்றோம். படிகளில் நின்று நின்று ஏறினார். சந்நிதியில் பட்டாச்சாரியார் தீர்த்தம் கொடுத்தார். வாங்கி அருந்தியவர், சிறிது நேரம் அசையாமல் நின்றார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "அண்ணி, துளசி காரமாக இருக்கிறது" என்றார்.

கண்ணீர் இல்லை, மெய்சிலிர்ப்பு இல்லை. துளசியின் காரம் ஒன்றே அக்கரையிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. இறங்கும்போது தம் கையால் படியோரக் கல்லைத் தடவிக்கொண்டே வந்தார். அது யாருடைய கை போல இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் பெரியோர்களில் எவருக்கேனும் சந்நிதியில் நின்றும் நெஞ்சு வெறுமையாக இருக்குமாயின், உங்கள் பக்தி போய்விட்டது என்று எண்ணாதீர்கள். தெய்வம் கைவிட்டது என்றும் எண்ணாதீர்கள். நெஞ்சில் உள்ளதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். வேளைக்கு உண்ணுங்கள், மருத்துவரைப் பாருங்கள், முடிந்த அளவில் ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். முகம் திருப்பாத அரங்கன் உங்கள் அனைவருக்கும் துணை நிற்பாராக.